மை ஜம்ப் செயலியை நம்பி ஃபைனல் இயர் டிசர்டேஷன் செய்யலாமா?

செய்யலாம். ஒருவர் எவ்வளவு உயரம் தாவுகிறார் என்று ஃபோன் வீடியோவை வைத்து அளக்கும் செயலி இது. நான் இதை வைத்தே ஆய்வைச் செய்து முடித்து, பைண்டிங் போட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வும் கொடுத்துவிட்டேன். ஆனால் செயலியை வாங்கிய மறுநாளே பிளேயர்களை வரிசையில் நிறுத்தித் தாவச் சொல்லி டேட்டா எடுக்கலாம் என்று நினைத்தால், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். நான் அப்படித்தான் நினைத்தேன், கைடு சார் தடுத்தார், அவர் தடுத்ததால்தான் என் ஆய்வேட்டில் இன்றைக்கு ஒரு எண்ணாவது நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

நான் பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ். பள்ளியிலிருந்து வாலிபால் ஆடியவள், அதனால் தலைப்பு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் எல்லா மைதானத்திலும் உட்கார்ந்து காலை நீட்டி விரலைத் தொட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்ட்ரெச்சிங்தான் வார்ம்அப். அதற்குப் பதிலாக ஓடி, குதித்து, காலை வீசிச் செய்யும் டைனமிக் வார்ம்அப் செய்தால் தாவும் உயரம் கூடுமா, இதுதான் கேள்வி. புதுக் கேள்வி இல்லை. ஒரு தசையை 45 விநாடிக்குள் நீட்டி விட்டுவிட்டால் பெரிய பாதிப்பு இல்லை, 60 விநாடியும் அதற்கு மேலும் பிடித்தால்தான் சக்தி குறைய வாய்ப்பு அதிகம் என்று 2012-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இளநிலை ஆய்வுக்குப் புதுக் கேள்வி வேண்டியதில்லை, நம் கையில் இருப்பதை வைத்து ஒழுங்காகப் பதில் தேடக்கூடிய கேள்வி போதும். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

சரி, தாவும் உயரத்தை எதில் அளப்பது? கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட் என்றால் லட்சக்கணக்கில் ஆகும், எங்கள் துறையில் இல்லை. சுவரில் சாக்பீஸ் பூசிய விரலால் தொட்டுக் காட்டும் சார்ஜன்ட் ஜம்ப் இருக்கிறது, 1921-ல் வந்த முறை, செலவே இல்லை, ஆனால் கையை எப்படி வீசுகிறார், எந்த இடத்தில் தொடுகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த அளவு வரும். காலின் சக்தியைத் தனியாகப் பார்க்க நினைத்த எனக்கு அது ஒத்துவரவில்லை. அப்போதுதான் சீனியர் ஒருவர் மை ஜம்ப் பற்றிச் சொன்னார். ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் பால்சலோப்ரே பெர்னாண்டஸ் என்ற விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் உருவாக்கியது. நான் பயன்படுத்தியது மை ஜம்ப் 2. நான் வாங்கியபோது இலவசம் கிடையாது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

செயலி செய்யும் வேலை ரொம்ப எளிது. ஸ்லோமோஷனில் தாவலைப் படம் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, இரண்டு காலும் தரையை விட்ட முதல் ஃபிரேமைக் குறிக்க வேண்டும், அப்புறம் ஏதாவது ஒரு கால் தரையைத் தொட்ட முதல் ஃபிரேமைக் குறிக்க வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் காற்றில் இருந்தார் என்பதிலிருந்து உயரம் வந்துவிடும். மேலே போக எடுக்கும் நேரமும் கீழே வர எடுக்கும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு, காற்றில் இருந்த நேரத்தை அதனாலேயே பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம். பிளஸ் டூ இயற்பியல்தான். அரை விநாடி காற்றில் இருந்தால் 30.7 சென்டிமீட்டர்.

செயலியை வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், ஏன் என்று சொல்கிறேன். அந்த அரை விநாடி ஜம்ப்பில் நீங்கள் ஒரே ஒரு ஃபிரேம் தள்ளிக் குறித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபோன் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால் உயரம் 31.2 ஆகிவிடும், அரை சென்டிமீட்டர் பிழை. 120 ஃபிரேம் என்றால் 1 சென்டிமீட்டர். 60 என்றால் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சாதாரண 30 ஃபிரேம் வீடியோ என்றால் 4 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசமே 1, 2 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதாவது இந்தச் செயலி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு முதல் பாதிப் பதில் உங்கள் ஃபோன் கேமராவில் இருக்கிறது, உண்மையான 240 ஃபிரேம் இல்லாத ஃபோனில் இதை வாங்கிப் பயனில்லை.

உண்மையான என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஃபோன்களில் ஸ்லோமோஷன் என்று போட்டிருக்கும், ஆனால் இடையில் உள்ள ஃபிரேம்களை ஃபோனே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளும். உங்கள் ஃபோன் எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு உதவிய வழியைச் சொல்கிறேன். ஒரு கிரிக்கெட் பந்தை, அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து 122.6 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு பிடித்து, சும்மா விட்டுவிடுங்கள். தரையைத் தொட சரியாக அரை விநாடி ஆகும். 240 ஃபிரேம் கேமரா என்றால் கையை விட்டதிலிருந்து தரை தொடும் வரை 120 ஃபிரேம் எண்ண வேண்டும். நான் சுவரில் டேப் ஒட்டி வைத்துக்கொண்டு பத்துத் தடவை போட்டேன். 120-க்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே வந்தது. கையை விடும் கணத்தைச் சரியாகக் குறிப்பது கஷ்டம், அதற்கு அவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம். இந்தப் பத்துப் பந்துகளையும் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் ஒரு பத்தியாக எழுதினேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்.

இனி செயலியின் நம்பகத்தன்மை. 2015-ல் வந்த முதல் ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டினேன். 20 ஆண்கள், ஆளுக்கு 5 தாவல், மொத்தம் 100 தாவல். எல்லாவற்றையும் ஃபோர்ஸ் பிளேட் மேல் நின்று தாவவைத்து, அதே நேரத்தில் 120 ஃபிரேம் எடுக்கும் ஐஃபோன் 5எஸ்-இல் படம் எடுத்திருக்கிறார்கள். ஐ.சி.சி., அதாவது இரண்டு அளவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.997. முழுமையாக ஒத்துப்போனால் 1. இந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏறக்குறைய 1 ஆயிற்றே! ஆனால் அதே வரியில் இன்னொரு எண் இருக்கிறது, அதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஃபோர்ஸ் பிளேட்டுக்கும் செயலிக்கும் சராசரியாக 1.1 சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன, ஆனால் ஒன்று மற்றதைவிட ஒரு படி தள்ளி நிற்கிறது. இதன் அர்த்தம் என்ன என்றால், ஒரே ஃபோனில், ஒரே ஆள் குறித்து, நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம், தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் "வெளிநாட்டு வீராங்கனைகள் ஃபோர்ஸ் பிளேட்டில் இத்தனை தாவுகிறார்கள், எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் இத்தனைதான்" என்று கலந்துரையாடல் அத்தியாயத்தில் எழுதக் கூடாது. நான் முதல் டிராஃப்டில் அப்படி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

இன்னொன்று, அந்த முதல் ஆய்வில் செயலியை உருவாக்கியவரே முதல் ஆசிரியர், கலந்துகொண்டவர்கள் எல்லோரும் ஆண்கள். இதையும் எழுதத்தான் வேண்டும். 2016-ல் பயிற்சி பெற்ற ஆண், பெண் தடகள வீரர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது, அது எனக்குக் கைகொடுத்தது.

கைடு சார் என்னைத் தடுத்த கதைக்கு வருகிறேன். செயலியை வாங்கி, கோச்சிடம் பேசி, எல்லாம் தயார் என்று போய் நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உன் மெஷின் எத்தனை சென்டிமீட்டர் தப்பு பண்ணும்னு தெரியாம, ஸ்ட்ரெச்சிங் எத்தனை சென்டிமீட்டர் குறைக்குதுன்னு எப்படிம்மா சொல்லுவ?" புத்தகத்தில் 0.997 இருக்கு சார் என்றேன். "அது அவங்க கை, அவங்க ஃபோன், அவங்க பிளேயர்ஸ். உன் கைக்கு எத்தனைன்னு கண்டுபிடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, டிசம்பர் முடியப் போகிறது, மார்ச்சில் சப்மிஷன். ஆனாலும் முதல் இரண்டு வாரம் அதை மட்டும்தான் செய்தேன், இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செய்தது இவ்வளவுதான். எங்கள் வாலிபால் அணியில் 18 பெண்கள். முதல் நாள் பழகுவதற்காக மட்டும் தாவினார்கள், அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாலிபால் ஆடுகிறவர்களுக்குக் கையை வீசாமல் தாவுவது கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். இடுப்பில் கை வைத்துத் தாவச் சொன்னால் பாதி வழியில் கை தானாக எழும்பிவிடும், அந்தத் தாவல் செல்லாது. பழகாமல் நேராக அளந்திருந்தால், இரண்டாம் நாள் எல்லோருக்கும் உயரம் கூடியிருக்கும், நான் அதை வார்ம்அப்பின் பலன் என்று எழுதியிருப்பேன். அப்புறம் மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு காலைகள், ஒரே வார்ம்அப், ஆளுக்கு 3 தாவல். எதையும் மாற்றாமல் இரண்டு நாளும் அளந்தால் எவ்வளவு மாறுகிறது? ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.41-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் டிப்பிக்கல் எரர், அதாவது எதையும் மாற்றாதபோதும் அளவில் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம். எக்செல்லில் ஐந்து நிமிட வேலை. பிளேயர்களுக்குள் உள்ள திட்ட விலக்கத்தை 0.2-ஆல் பெருக்கினால், கவனிக்கத் தகுந்த மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு என்று ஒரு எண் வரும். உதாரணமாக உங்கள் அணியில் திட்ட விலக்கம் 5 சென்டிமீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர் மாற்றம் பேசத் தகுந்தது. உங்கள் டிப்பிக்கல் எரர் அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே இருந்தால் ஒரு தாவலை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், மூன்றின் சராசரியை எடுங்கள், நான் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. "பெஸ்ட் ஜம்ப்பை எடு" என்று பலர் சொல்வார்கள். எனக்கு சராசரிதான் நிலையாக நின்றது.

இந்த இடத்தில் எனக்கு நடந்த ஒரு இழப்பைச் சொல்லியே ஆக வேண்டும், வேறு யாருக்கும் நடக்கக் கூடாது. இரண்டாவது காலையில் என் ஃபோனில் இடம் தீர்ந்துவிட்டது. கடைசி 6 பேரைத் தோழியின் ஃபோனில் எடுத்தோம், அதே மாடல்தான். அவள் ஹாஸ்டலுக்குப் போய் எல்லாவற்றையும் மெசேஜில் அனுப்பிவிட்டு, இடம் வேண்டுமே என்று தன் ஃபோனிலிருந்து அழித்தும்விட்டாள். வந்து சேர்ந்ததைத் திறந்தால் சுருங்கிப்போன வீடியோ, விநாடிக்கு 30 ஃபிரேம். கால் தரையில் இருக்கிறது, அடுத்த ஃபிரேமில் நான்கு விரல் உயரத்தில் இருக்கிறது, நடுவில் எதுவும் இல்லை. 18 தாவலும் போயிற்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் மறுபடி எடுத்தால் இடைவெளி மாறிவிடும் என்பதால், அந்த 6 பேரும் மீண்டும் இரண்டு காலை வர வேண்டியதாயிற்று. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. கேபிள் போட்டு ஒரிஜினல் ஃபைலாக மாற்றுங்கள், பென்டிரைவில் ஒரு நகல் வையுங்கள், அதன் பிறகே அழியுங்கள்.

படம் எடுக்கும் முறையிலும் செயலி எதுவும் கற்றுத் தராத விஷயங்கள் உண்டு. எங்கள் வாலிபால் கோர்ட் செம்மண். ஷூவின் அடியும் செம்மண் ஏறி அதே நிறம். ஃபிரேமைப் பெரிதாக்கிப் பார்த்தால் நுனிக்கால் மண்ணில் இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, தூசி வேறு. பக்கத்து பாஸ்கெட்பால் கோர்ட்டின் சிமெண்ட் தரைக்கு மாறினோம், ஷூ நுனியில் வெள்ளை டேப் ஒட்டினோம், எல்லாம் பளிச்சென்று ஆனது. ஃபோனை ஒன்றரை மீட்டர் தள்ளி, தரையோடு தரையாக, ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்தேன். அந்தச் செங்கல் நின்ற இடத்தை பெயின்ட்டால் குறித்து, எல்லா நாளும் அதே இடம். ட்ரைபாட் வேண்டாம், உயரத்திலிருந்து பார்த்தால் கால் தரையை விடும் கணம் தெரியாது.

மாலையில் எடுக்காதீர்கள். ஒரு தடவை முயற்சி செய்தேன். 240 ஃபிரேமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், ஐந்தரைக்கு மேல் படம் மங்கிவிடுகிறது. விளக்குப் போட்டால் இன்னும் மோசம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஸ்லோமோஷனில் படம் விட்டு விட்டு எரியும். காலையில் வெளிச்சம் நன்றாக வந்ததும் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுங்கள். உடம்பும் எல்லா நாளும் ஒரே நிலையில் இருக்கும், ஒரே நேரத்தில் அளந்தோம் என்று எழுதவும் முடியும்.

இப்போது எனக்கு இந்தச் செயலியை ரொம்பப் பிடித்துப்போன காரணம். எங்கள் அணியில் இரண்டு பேர் முதல் வருடம், 17 வயது. 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும், பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும், எத்திக்ஸ் கமிட்டியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தியின் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து நேரில் வந்தார். படிவத்தை நான் தமிழில்தான் எழுதியிருந்தேன், முழுவதும் வாசித்துக் காட்டினேன். முதலில், "ஊசி, மாத்திரை ஏதாச்சும் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லைம்மா, தாவ மட்டும்தான் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீடியோன்னு போட்டிருக்கே" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது, எந்த அம்மாவுக்கும் இருக்கும் பயம். நான் ஃபோனைச் செங்கல் மேல் வைத்து, என்னையே நிற்கவைத்து எடுத்த ஒரு வீடியோவைக் காட்டினேன். இரண்டு ஷூ, கணுக்கால், கீழே சிமெண்ட் தரை. அவ்வளவுதான் தெரியும். முழங்காலுக்கு மேல் எதுவும் இல்லை, முகம் இல்லை. அவர் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "இது யாரு காலுன்னு எனக்கே தெரியலையே" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உடல் முழுவதும் படம் எடுக்கும் முறையாக இருந்திருந்தால் அந்தப் பெண் என் ஆய்வில் இருந்திருக்க மாட்டாள், இன்னும் சிலரும் தயங்கியிருப்பார்கள். பெண் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்ய நினைப்பவர்கள் இதை யோசியுங்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கால் மட்டும் தெரிந்தால் முழங்கால் தெரியாது. காற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டோ, மடங்கிய காலோடு இறங்கியோ வந்தால் தரையைத் தொடத் தாமதமாகும், உயரம் பொய்யாகக் கூடிவிடும். காற்றில் இருக்கும் நேரத்தை வைத்து உயரம் கணக்கிடும் எந்த முறைக்கும் இந்தக் குறை உண்டு, கால் தொடுவதையும் விடுவதையும் உணர விரித்து வைக்கும் கான்டாக்ட் மேட்டுக்கும் இதே கதைதான். அதனால் என் தோழி பக்கவாட்டில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள், முழங்கால் மடங்கினால் "செல்லாது" என்று கத்துவாள், இன்னொரு தடவை தாவ வேண்டும். நுனிக்காலில் இறங்குகிறார்களா, பாதம் முழுவதும் தட்டென்று விழுகிறதா என்பது வீடியோவிலேயே தெரியும், தட்டையாக விழுந்ததையும் கழித்துவிட்டேன்.

செயலி உயரத்தோடு நிற்காமல் விசை, வேகம், சக்தி என்று வேறு எண்களும் காட்டும், அதற்காக எடை, கால் நீளம், குந்தி நிற்கும்போது உள்ள உயரம் எல்லாம் கேட்கும். அவை அளந்து வந்த எண்கள் இல்லை, உயரத்திலிருந்து சமன்பாடு போட்டு வரவழைத்தவை. டேப்பால் கால் நீளம் அளப்பதில் உங்களுக்கு வரும் தப்பு அத்தனையும் அதற்குள் போய் உட்காரும். நான் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஃபிரேம் குறிக்கும் வேலை அலுப்பானது, அதை மறைக்கவில்லை. நம்பகத்தன்மைக்கு 108 தாவல், ஆளுக்கு ஸ்ட்ரெச்சிங் நாளில் 3, டைனமிக் நாளில் 3 என்று ஆய்வுக்கு 108 தாவல், வீணானவை தனி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கண் எரியும். அதைவிட முக்கியம், எது ஸ்ட்ரெச்சிங் நாள், எது டைனமிக் நாள் என்று தெரிந்துகொண்டே குறித்தால், சந்தேகமான ஃபிரேம் வரும்போது மனசு நமக்கு வேண்டிய பக்கம் சாயும். எனக்குச் சாய்ந்தது, உணர்ந்தேன். அதனால் தோழியிடம் கொடுத்து எல்லா ஃபைலுக்கும் வெறும் எண்ணாகப் பெயர் மாற்றி வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் குறித்தேன். பாதிப் பேருக்கு முதலில் ஸ்ட்ரெச்சிங், பாதிப் பேருக்கு முதலில் டைனமிக் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தேன், அதனால் எண்ணை வைத்து ஊகிக்கவும் முடியவில்லை.

18 பேர் போதுமா என்ற கேள்விக்கு ஜி பவர் உதவியது. ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட, ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருள், இலவசம். ஒரே ஆட்களின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் இணை டி-சோதனைக்கு நடுத்தர அளவு விளைவு, அதாவது 0.5 என்று கொடுத்தால் 34 பேர் வேண்டும் என்கிறது. 0.8 என்று கொடுத்தால் 15 பேர் போதும் என்கிறது. நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், கையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கு ஏற்ற எண்ணைத் தேடிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. சார் வேறு வழி காட்டினார், 18 பேரைக் கொடுத்து, எவ்வளவு பெரிய விளைவை உன்னால் கண்டுபிடிக்க முடியும் என்று திருப்பிக் கேள் என்றார். 0.7 வந்தது. அதையே எழுதினேன், அதைவிடச் சின்ன வித்தியாசம் இருந்தால் என் ஆய்வு தவறவிட வாய்ப்புண்டு என்றும் எழுதினேன். புள்ளியியலுக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஜாஸ்ப். இதுவும் இலவசம், எக்செல்லில் சி.எஸ்.வி. ஆகச் சேமித்துத் திறந்தால் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளின் திருட்டு நகலைத் தேடி லேப்டாப்பில் வைரஸ் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

முடிவைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை, 18 பேரை வைத்துப் பெரிதாகச் சொல்லவும் கூடாது. டைனமிக் வார்ம்அப் பக்கம் சராசரி கூடுதலாக இருந்தது, ஆனால் என் டிப்பிக்கல் எரரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த ஒரு வரியை நான் நேர்மையாக எழுத முடிந்தது முதல் இரண்டு வார வேலையால்தான். அது இல்லாவிட்டால் அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது ஒன்றுமே இல்லை என்று தூக்கிப் போட்டிருப்பேன்.

யார் வாங்கலாம்? ஃபோனில் உண்மையான 240 ஃபிரேம் இருந்து, ஆளுக்கு இரண்டு, மூன்று நாள் அளந்து ஒப்பிடும் ஆய்வு என்றால் வாங்குங்கள், கொடுத்த காசுக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. ஒரு அணியைத் தினமும் காலையில் அளந்து, உடனே கோச்சுக்கு எண் சொல்ல வேண்டும் என்றால் ஃபிரேம் ஃபிரேமாகக் குறித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, கான்டாக்ட் மேட் தேடுங்கள். இடது கால் வலது கால் விசை வித்தியாசம், இறங்கும்போது வரும் விசை போன்ற கேள்விகளுக்கு இது உதவாது, ஃபோர்ஸ் பிளேட் உள்ள நிறுவனத்தோடு கைகோத்துச் செய்வதுதான் சரி. காசே இல்லை என்றால் கவலைப்படாதீர்கள், கினோவியா என்று கம்ப்யூட்டரில் இயங்கும் இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஃபிரேம் எண்ணி, மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டால் இதே உயரம்தான் வரும். வேலை கூடுதல், அவ்வளவுதான். நான் 20 தாவலை இரண்டிலும் போட்டு ஒப்பிட்டேன், ஒரே ஃபிரேமைக் குறித்த இடங்களில் ஒரே எண்தான்.

வைவாவில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "ஏன் ஃபோர்ஸ் பிளேட் இல்லை?" இல்லை சார், எங்களிடம் கிடையாது, ஆனால் இந்த ஃபோன் என் கையில் எவ்வளவு தவறு செய்யும் என்று 62-ஆம் பக்கத்தில் அட்டவணை போட்டிருக்கிறேன் என்றேன். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பந்து போட்ட கதையைச் சொல்லச் சொன்னார். பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினோம்.

இந்த வருடம் ஒரு ஜூனியர், கபடிப் பெண்களை வைத்துச் செய்யப் போகிறாளாம், செயலி எப்படி அக்கா என்று கேட்டு வந்தாள். வெள்ளை டேப் சுருளில் பாதி மிச்சம் இருந்தது, அதைக் கொடுத்தேன். சிமெண்ட் கோர்ட்டில் செங்கல் வைத்த இடத்தின் பெயின்ட் குறி இன்னும் அழியவில்லை, கிரிக்கெட் பந்தோடு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.